விலக்கு அறிந்த கை

நாஞ்சில் நாட்டில் எண்ணெய் படாமல் வளர்ந்த சரீரம் ஒன்றைக்கூட நான் பால்யத்தில் கண்டதில்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு கை, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கை, சனிக்கிழமை தோறும் வீட்டு ஆண்மக்களுக்கு ஒரு கை, போர்ப்பயிற்சிக் களரியில் அடிபட்டவனுக்கும் பனையிலிருந்து விழுந்தவனுக்கும் வேறொரு கை என்று, மனித உடம்பைத் தொட்டுத் தேய்க்கும் உரிமை எங்கள் ஊரில் பலரிடம் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவருடைய எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை. அந்தக் கைகளில் பலவற்றின் கீழ் நானே கிடந்திருக்கிறேன். பின்னாளில், குடும்பத்தில் நேர்ந்த பிணிகளின் நிமித்தமாகவும், உத்தியோகத்தின் நிமித்தமாகவும், வெளியூர்களிலும் அயல்நாட்டிலும் வேறு சில கைகளை அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பமும் வாய்த்தது. தெருவுக்குத் தெரு மசாஜ் நிலையங்கள் தோன்றிவிட்ட இந்நாளில், ஆயுர்வேதம் உயர்ந்ததா, தாய்லாந்து முறை உயர்ந்ததா, ஸ்வீடிஷ் முறை உயர்ந்ததா என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, இந்தக் கைகளைப் பற்றிய நினைவுகளும், அவற்றிலிருந்து எனக்கு ஏற்பட்ட ஓர் அபிப்பிராயமுமே.

முதலில் நினைவுக்கு வருவது ஆச்சியின் கை. புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று எண்ணெய் ஸ்நானத்துக்கு எங்கள் பக்கத்தில் நாள் வகுத்திருந்தார்கள். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, அதில் நாலு மிளகும் சிறிது சீரகமும் இட்டு, மிளகு வெடிக்கும் பதத்தில் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உச்சந்தலையில் வைத்துத் தொடங்குவாள். உச்சிக்குப் பிறகு காது மடல், பிடரி, தோள், முதுகு, மூட்டுக்கள், கடைசியாக உள்ளங்கால். மூட்டு வரும் இடங்களில் வட்டமாகவும், நீண்ட எலும்புள்ள இடங்களில் நீளவாட்டமாகவும் தேய்க்க வேண்டும் என்பது அவள் ஏடு பார்த்து அறிந்ததன்று. பல வருஷங்களுக்குப் பின் ஆயுர்வேத ஆசிரியர் வாக்படருடைய அஷ்டாங்க ஹ்ருதயத்தை உரையோடு படிக்க நேர்ந்தபோது, அப்யங்கம் என்னும் எண்ணெய் தேய்ப்பை நாள்தோறும் செய்துகொள்ள வேண்டும், அதிலும் சிரசு, காது, பாதம் ஆகிய மூன்று இடங்களை விசேஷமாகக் கவனிக்க வேண்டும் என்று அவர் விதித்திருப்பதைக் கண்டு, ஆச்சியின் வரிசை எத்தனை பழைமையானது என்பதை அறிந்து வியந்தேன். மூப்பையும் களைப்பையும் வாதத்தையும் அது போக்கும், கண்ணுக்குத் தெளிவையும் நல்ல உறக்கத்தையும் தரும், தோலை உறுதிப்படுத்தும் என்று அவர் பலன் கூறுகிறார். எண்ணெய் ஊறிய குடமும் தோலும் வண்டி அச்சும் நெடுநாள் உழைப்பதைப் போல, எண்ணெய் பழகிய உடம்பும் உழைக்கும் என்பது ஆயுர்வேதத்தின் மற்றோர் ஆசிரியரான சரகருடைய சித்தாந்தம்.

ஆனால் ஆச்சி கரண்டியை அடுப்பில் வைக்க மறுத்த சனிக்கிழமைகளும் இருந்தன. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். வெள்ளை படிந்திருந்தால் அன்று எண்ணெய் இல்லை. முந்தின நாள் கல்யாண விருந்து சாப்பிட்டு வயிறு உப்பியிருந்தாலும், மூக்கில் நீர் வடிந்தாலும், உடம்பு கதகதத்தாலும் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்ட அன்று பகல் உறக்கம் கூடாது, தயிர் கூடாது, வெயிலில் அலையக் கூடாது. மிளகு ரசமும் இஞ்சித் துவையலும்தான் இலையில் விழும். இது கிழவியின் பிடிவாதம் என்று நாங்கள் சிறுவர்கள் முணுமுணுத்ததுண்டு. ஆனால் வாக்படரும் அப்யங்கத்தின் பெருமையை அடுக்கிய கையோடு, கபம் மிகுந்தவனுக்கும், பேதி முதலிய சோதனம் செய்துகொண்டவனுக்கும், அஜீரணம் உள்ளவனுக்கும் அது ஆகாது என்று விலக்குச் சொல்லி முடித்திருக்கிறார்.

ஆச்சியின் கைக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் அதிகாரம் செலுத்தியது மருத்துவச்சியின் கை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்த நாட்களில், திண்ணைக்கு அப்புறம் முற்றத்து மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து, சிசுவைக் கணைக்கால்களின்மேல் கிடத்தி, தேங்காயெண்ணெய் இட்டு அவள் தேய்த்து நீராட்டுவதைக் காண அண்டை வீட்டுப் பெண்கள் வந்து கூடுவார்கள். கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து மடக்கி நீட்டி, வலக்காலும் இடக்கையும் சந்திக்கும்படி செய்து, முதுகுத்தண்டின் இரு மருங்கிலும் இரண்டு விரல்களால் நீவி, அவள் விடும்போது குழந்தை அழுது முடித்து உறங்கத் தொடங்கியிருக்கும். இந்த வழக்கத்துக்கு உள்ள பிரயோஜனத்தை மேல்நாட்டாரும் பிற்காலத்தில் அளந்து பார்த்தார்கள். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களை நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிஷமாகப் 10 நாட்கள் மெல்லத் தடவி, கைகால்களை அசைத்துவிட்டு வந்ததில், அவ்விதம் தொடப்படாத சிசுக்களைவிட அவை நாள்தோறும் 47 சதவீதம் அதிகமாக எடை ஏறின என்று டிஃபனி ஃபீல்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1986-ல் எழுதினார்கள். அதே சமயம், மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் சொட்டுவிடும் பழைய வழக்கத்தால் எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கி நிமோனியா வரக்கூடும் என்று குழந்தை வைத்தியர்கள் எச்சரித்து வந்திருக்கிறார்கள்; அந்த எச்சரிக்கையை எங்கள் மருத்துவச்சி கேள்வியுற்ற நாள் முதல் மூக்கைத் தொட்டதில்லை.

பிள்ளை பெற்றவளுக்குத் தன்வந்தரம் தைலம். இடுப்பு, தொடை, முதுகு ஆகியவற்றில் அழுத்தியும், மார்பின் அருகே மிக இலேசாகவும் தேய்த்து, ஒரு நாழிகை ஊறவிட்டு, நொச்சியும் ஆமணக்கிலையும் புளியிலையும் வெந்த நீரைப் பொறுக்கும் சூட்டில் வீசி ஊற்றுவார்கள். பிரசவத்தில் நெகிழ்ந்த தசைகளின் வலி அடங்குவதும், உறக்கமில்லாத தாய்க்கு ஒரு வேளையேனும் ஆழ்ந்த உறக்கம் வருவதும், இருபத்துநாலு மணி நேரமும் பிறரைச் சுமந்துகொண்டிருப்பவளை மற்றொருவர் தாங்கிக்கொள்ளும் ஆறுதலும் இதன் பலன்கள். என் மற்றொரு சகோதரிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தபோது, வீட்டார் வழக்கம் போல மருத்துவச்சிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வந்தாள், காலையும் தோளையும் மட்டும் பிடித்துவிட்டாள். “தையல் ஆறி, டாக்டரம்மா சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் வயித்துப் பக்கம் என் கை போகாது தாயி” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஸ்திரீயின் மேல் எனக்கு மரியாதை பிறந்தது அன்றுதான்.

ஆசானுடைய கை வேறு விதமானது. எங்கள் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததென்றாலும், சிலம்பும் அடிமுறையும் வர்மமும் கற்பிக்கும் ஆசான்மார் எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே பரம்பரையினராகவே இருந்தனர். உடம்பில் 108 வர்ம ஸ்தானங்கள் உண்டு, அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது அவர்கள் கணக்கு. அடிக்கக் கற்பிப்பவனே அடிபட்டதை எடுக்கவும் கற்றிருக்க வேண்டும் என்பது களரியின் தர்மம். ஆதலால் ஒவ்வொரு ஆசானும் ஒரு வைத்தியர். சுளுக்குக்கும் சதைப் பிசகுக்கும் முறிவெண்ணெய், குளிர்ந்து வீங்கிய மூட்டுக்குக் கொட்டஞ்சுக்காதி, எரிச்சலும் சிவப்பும் உள்ள மூட்டுக்குப் பிண்ட தைலம் என்று குப்பிகள் அவருடைய அறையின் மர அலமாரியில் வரிசையாக இருக்கும். சித்த வைத்தியத்தில் புற மருத்துவம் 32 வகை. அவற்றுள் ஒன்றான, உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். ஆசான் இந்தப் பெயர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய கை ஒரு முதுகின்மேல் ஓடும்போது ஒன்பதையும் எண்ணிவிடலாம்.

ஆடி மாதத்து மழைக்காற்றில், களரி பயிலும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கொரு முறை உழிச்சல் நடக்கும். என்னையும் என் தகப்பனார் சில ஆண்டுகள் அதற்கு அனுப்பினார். உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துத் தம் பாரத்தைக் கூட்டியும் குறைத்தும், எண்ணெயில் தோய்ந்த பாதத்தால் ஆசான் மிதித்து நீவும்போது, பிடரியில் புறப்பட்ட பாதம் இடையில் எங்கும் நில்லாமல் குதிகால் வரை ஒரே ஓட்டமாகச் செல்லும். அடுத்தது தோளிலிருந்து விரல்நுனி வரை. முதல் நாட்களில் உடம்பு முழுதும் கன்றிப்போகும், பின்னர் வலி கரைந்து, குனிந்தால் நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குத் தசை நீண்டு கொடுக்கும். வள்ளத்தோள் நாராயண மேனோன் முதலியோர் 1930-ல் ஸ்தாபித்த கேரள கலாமண்டலத்திலும், கதகளி பயிலும் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் இத்தகைய மிதி உழிச்சல் பாடத்திட்டத்தின் அங்கமாகவே நடந்து வந்திருக்கிறது. இடுப்பும் தொடையும் விரிந்து கொடுக்காமல் அந்த ஆட்டத்தில் நிற்கவே முடியாது. உழிச்சல் நடக்கும் நாட்களில் கனத்த வேலை இல்லை, வெயில் இல்லை, இரவு கண் விழித்தல் இல்லை. உழிச்சல் முடிந்த பின்னும் அத்தனை நாட்களுக்கு அதே பத்தியம். கால் மிதித்ததைவிட இந்தப் பத்தியமே இளைஞர்களுக்குக் கடினமாக இருந்தது.

அந்த ஆசானிடம் நான் கண்ட மிகப் பெரிய வித்தை, அவர் தொடாமல் விட்ட ஒரு காலைப் பற்றியது. என் பெரியப்பா கடுஞ்சுரத்தில் பல நாள் படுத்த படுக்கையாக இருந்து, தேறி எழுந்த சமயத்தில், அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கி வலி எடுத்தது. நரம்பு பிசகியிருக்கும், எண்ணெய் இட்டு நன்றாக உருவிவிட்டால் சரியாகும் என்று வீட்டில் எல்லாரும் அபிப்பிராயப்பட்டு ஆசானை வரவழைத்தார்கள். அவர் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். புறங்கையால் ஒவ்வொன்றின் சூட்டையும் சோதித்தார். எத்தனை நாள் படுக்கை, விழுந்ததுண்டா, அடிபட்டதுண்டா என்று விசாரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “அடியும் இல்ல, பிசகும் இல்ல, ஒத்தக் காலு மட்டும் சூடாட்டு வீங்கியிருக்கு. இதைத் தடவப்பிடாது, அண்ணாச்சி. காலை அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்றார். தைலத்துக்கும் தட்சணைக்குமாக எடுத்து வைத்திருந்த பணத்தை அவர் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றும், அழுத்தி உருவியிருந்தால் அந்த உறைகட்டி பெயர்ந்து சுவாசப்பைக்குச் சென்று உயிரையே வாங்கியிருக்கக்கூடும் என்றும் சொன்னார். பெரியப்பா அதன் பிறகு நெடுங்காலம் ஜீவித்திருந்தார்.

என் தகப்பனாருக்குப் பக்கவாதம் கண்டு, ஆஸ்பத்திரிச் சிகிச்சை முடிந்து, வலது கையும் காலும் விறைத்துப்போயிருந்த நிலையில் அவரைக் கோட்டக்கல்லுக்கு அழைத்துச் சென்றோம். வைத்தியரத்னம் பி. எஸ். வாரியர் 1902-ல் அங்கே ஆரம்பித்த ஆரிய வைத்தியசாலையின் பெயரை அறியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. போன உடனே தோணியில் ஏற்றி எண்ணெய் ஊற்றுவார்கள் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, வைத்தியர் முதல் சில நாட்கள் கஷாயமும் கஞ்சியும் மட்டும் கொடுத்தது ஏமாற்றமாகவே இருந்தது. ஜீரண அக்கினி சரியாகி, நாக்குத் தெளிந்து, லேசாக இருந்த சுரமும் விட்ட பிறகே அவர் பிழிச்சலுக்கு நாள் குறித்தார்.

ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணியில் நோயாளியைக் கிடத்தி, உச்சியில் தளம் என்னும் மருந்துப் பற்று வைத்து, பக்கத்துக்கு இருவராக நால்வர் நின்று, வெதுவெதுப்பான தைலத்தில் நனைத்த துணியை ஒரு கையால் பிழிந்துகொண்டே மறு கையால் மெல்லத் தடவி வருவார்கள். உடம்பின்மேல் ஓடி, தோணியின் துவாரத்தின் வழியாக வடியும் தைலத்தை ஏந்தி, மறுபடி சூடேற்றிக் கொடுக்க ஒருவர். ஒரு மணி நேரத்துக்கு மேலாக, சூடு ஏறாமலும் ஆறாமலும், நால்வருடைய கையும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். அதுதான் அந்தச் சிகிச்சையின் கஷ்டம். சோர்ந்து மெலிந்த தசைக்கு நவரைக்கிழி: ஏறக்குறைய 60 நாளில் விளையும் நவரை அரிசியைப் பாலும் குறுந்தோட்டிக் கஷாயமும் சேர்த்துக் குழைய வேகவைத்து, துணியில் கிழியாகக் கட்டி, சூடான அதே பால் கஷாயத்தில் தோய்த்துத் தோய்த்து ஒற்றித் தேய்ப்பது. வலியும் விறைப்பும் மிகுந்த மூட்டுக்கு இலைக்கிழி: நொச்சி, எருக்கு, ஆமணக்கு முதலிய இலைகளை அரிந்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கிக் கட்டுவது. அடுத்த அறையிலிருந்த ஸ்தூல சரீரியான கனவான் ஒருவர் தமக்கும் பிழிச்சல் வேண்டும் என்று வற்புறுத்தியபோது, வைத்தியர் சிரித்துக்கொண்டே அவருக்கு எண்ணெயையே விலக்கி, கொள்ளுமாவு கலந்த உலர்ந்த சூரணத்தைக் கீழிருந்து மேலாக எதிர்வாட்டத்தில் தேய்க்கும் உத்வர்த்தனத்தை விதித்தார். மேதஸ் மிகுந்தவனுக்கு வறட்சி மருந்து, வறண்டவனுக்கு எண்ணெய்ப் பசையான ஸ்நேகம் மருந்து. ஒருவனுக்கு அமிர்தமானது மற்றவனுக்கு அபத்தியம்.

தகப்பனாருக்குக் கிடைத்த பலனை உள்ளபடி சொல்ல வேண்டும். மூளையில் மாண்ட பகுதியை எந்தத் தைலமும் எழுப்பவில்லை. ஆனால் தோளின் கடுமையான வலி குறைந்தது, மடங்கி இறுகிய விரல்கள் விரிந்து கொடுத்தன, இரவில் உறங்கினார், முக்கியமாக, விரிந்து கொடுத்த மூட்டைக்கொண்டு பயிற்சி செய்ய அவருக்கு மனம் வந்தது. தடியூன்றி அவர் நடந்தது அந்தப் பயிற்சியினால். புறப்படும்போது வைத்தியர், சிகிச்சை நடந்த நாட்களைப் போல இருமடங்கு நாட்கள் பரிஹார காலமாக வீட்டிலும் பத்தியம் காக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

பல ஆண்டுகள் கழித்து, சென்னையில் உத்தியோகம் பார்த்த காலத்தில், நாற்காலியிலேயே வாழ்ந்ததன் பயனாக எனக்கு இடுப்பு வலியும், தொடர்ந்து தோள் வலியும் கண்டன. ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் என் மகள் வயதுடைய பெண் ஒருத்தி, முகத்துக்குப் பூசும் பவுடரைக் கையில் தடவிக்கொண்டு என் முதுகைப் பிடித்துவிட்டபோது, அவளுடைய கை ஓட்டத்தில் எனக்குப் பழக்கமானவை பல இருப்பதை உணர்ந்தேன். ஸ்டாக்ஹோமில் 1813-ல் தேகாப்பியாசக் கல்லூரியை ஏற்படுத்திய பெர் ஹென்ரிக் லிங் என்பவரே அவள் கையாண்ட இந்த ஸ்வீடிஷ் முறையின் பிதா என்று பொதுவாகச் சொன்னாலும், நீவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என்று அதை ஒழுங்குபடுத்திப் பெயரிட்டுப் பரப்பியவர் யோஹான் கியார்க் மெட்ஸ்கர் என்ற டச்சு டாக்டர். தோளின் தசைநார் புண்பட்டிருந்த இடத்தில் மட்டும் அவள் பவுடரையும் துடைத்துவிட்டு, விரல் வழுக்காதபடி, நாரின் போக்குக்குக் குறுக்காக அழுத்தித் தேய்த்தாள். அது ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வகுத்த முறை என்று கேட்டறிந்தேன்.

கெட்ட ரத்தம் வெளியேறும், தசையில் தேங்கிய அமிலம் கரையும் என்றெல்லாம் நான் கேள்விப்பட்டிருந்ததைச் சொன்னேன். உழைத்த தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை இரத்தவோட்டமே ஒரு மணி நேரத்துக்குள் தானாக அகற்றிவிடுகிறது, அதற்கு யார் கையும் வேண்டியதில்லை என்று அவள் விளக்கினாள். தோலிலும் தசையிலும் படும் அழுத்தம் நரம்பின் வழியே சென்று வலியின் சமிக்ஞையை முதுகுத்தண்டிலேயே மங்கச் செய்கிறது என்பதற்கு மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965-ல் வெளியிட்ட கொள்கை ஆதாரம். அஞ்சி இறுகிய தசை தளர்வதும், மூச்சு நீள்வதும், நாடி நிதானப்படுவதும் உடனே காணும் பலன்கள். ஆனால் நெடுநாளைய இடுப்பு வலியில் இந்தச் சௌக்கியம் சிறிது காலமே நிற்கும். இதையெல்லாம் சொன்ன சில நாட்களில் அவள் கை வைப்பதையே நிறுத்திவிட்டாள். “நான் பிடிச்சு விட்டுக்கிட்டே இருந்தா நீங்க பயிற்சியே செய்யமாட்டீங்க சார்” என்று சொல்லி, இடுப்புத் தசைக்கு உரிய அப்பியாசங்களை எழுதிக் கொடுத்து அனுப்பினாள். அவற்றை இன்றும் செய்து வருகிறேன்.

வலுவாகத் தேய்த்தால்தான் பலன் என்ற எண்ணம் நம்மவரிடம் வேரூன்றியிருக்கிறது. அதை எனக்குள் அழித்தது என் மைத்துனி பெற்ற சிகிச்சை. மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றியபின், அவளுடைய கை தூண்போல் வீங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் என்பவர் 1930-களில் பிரான்சில் இருந்தபோது உருவாக்கிய முறைப்படி, தோலை மட்டும் மிக இலேசாக நகர்த்தி, வீங்கிய கையைத் தொடுவதற்கு முன் கழுத்தையும் நல்ல பக்கத்து அக்குளையும் தடவி வழி திறந்துவிட்டு, நிணநீரை அந்தத் திசையில் தள்ளி, பிறகு படிப்படியாகத் துணி சுற்றிக் கட்டினார்கள். பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே செய்யாதது போலத் தோன்றும் அந்தத் தொடுகையும் கட்டும் சேர்ந்து கையின் பருமனைக் குறைத்தன. கையில் சிவப்போ சுரமோ கண்டால் அன்று வர வேண்டாம், டாக்டரிடம் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

உத்தியோக நிமித்தமாகப் பாங்காக் சென்றபோது வாட் போ ஆலயத்தைத் தரிசித்தேன். மூன்றாம் ராமா மன்னர் அதைப் புதுப்பித்த 1830-களில், வைத்திய சாஸ்திரம் யாவருக்கும் பயன்பட வேண்டும் என்று கல்லில் பொறித்து வைக்கச் செய்தார். உடம்பில் அழுத்த வேண்டிய இடங்களையும் நரம்போட்டங்களையும் காட்டும் சித்திரங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. பலவித ஆசனங்களில் அமர்ந்த ரிஷிகளின் சிலைகளும் உண்டு. புத்தருடைய வைத்தியரான ஜீவகரையே தங்கள் கலையின் ஆதிகுருவாக அங்குள்ள மசாஜ் வல்லுநர்கள் வணங்குகிறார்கள். 1955 முதல் அந்த ஆலயத்திலேயே பாடசாலை நடக்கிறது. 2019-ல் யுனெஸ்கோ இக்கலையை மானிடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இல்லை, உடுத்த உடையோடு பாயில் கிடத்தி, கட்டைவிரலாலும் முழங்கையாலும் அழுத்தி, கைகால்களை இழுத்து வளைப்பார்கள். இரத்த அழுத்தம் உண்டா, எலும்பில் ஆபரேஷன் உண்டா என்று விசாரித்த பிறகே என்னைப் பாயில் படுக்கச் சொன்னார்கள். எங்கள் ஆசானின் அறையில் இருப்பது போன்ற நிம்மதி எனக்கு அங்கே ஏற்பட்டது.

நம் நகரங்களில் இன்றுள்ள நிலையங்கள் பலவற்றில் கேட்கப்படுவது, எத்தனை நிமிஷம், எந்த வாசனைத் தைலம் என்பவை மட்டுமே. அவற்றை நான் இகழவில்லை. குளிர்ந்த அறையில் ஒரு மணி நேரம் தொலைபேசியைத் துறந்து கிடப்பதே பலருக்கு ஔஷதம். ஆனால் விலக்குக் கேளாத கையைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. சவரக் கடை நாற்காலியில் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும் வழக்கத்தைக் கண்டால் அந்த அச்சம் இரட்டிக்கிறது. கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து, இளவயதினரும் பக்கவாதத்துக்கு ஆளானதை வைத்திய ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

ஆகவே வாசகருக்கு நான் சொல்வது இவ்வளவே. களைத்த உடம்புக்கும், இறுகிய தசைக்கும், உறக்கம் வராத இரவுக்கும், பிரசவித்த தாய்க்கும், முடங்கிய மூட்டுக்கும் தேர்ந்த கையைப் போன்ற நண்பன் இல்லை. அதை நாடத் தயங்க வேண்டியதில்லை. சுரம், புதிய எலும்பு முறிவு, ஆறாத புண், ஒற்றைக் காலில் திடீர் வீக்கம், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் நிலை, தேய்ந்து நொறுங்கும் எலும்பு, கட்டியுள்ள இடம் ஆகியவற்றில் டாக்டரைக் கேளாமல் யாருடைய கையும் படக் கூடாது. எந்த முறை உயர்ந்தது என்று ஆராய்வதை விட்டுவிட்டு, படுக்கையில் ஏறுமுன், “நீங்கள் யாருக்கு இதைச் செய்ய மாட்டீர்கள்?” என்று ஒரு கேள்வியைக் கேளுங்கள். நிதானமாகப் பதில் வந்தால் உடம்பை ஒப்படைக்கலாம். எல்லாருக்கும் செய்வோம் என்று பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.